சுவிட்ச் மேலேயா, கீழேயா? நான்கு வோல்டேஜ் தரும் ஒரு சிறிய பவர் சப்ளை

ஒரு குமிழைத் திருப்பினால் 3.3, 5, 9, 12 வோல்ட் என்று நான்கு வோல்டேஜ் வர வேண்டும். பக்கத்தில் இன்னொரு குமிழ். வேண்டும்போது அந்த வோல்டேஜைக் குறைத்துத் தர வேண்டும். வேலை இவ்வளவுதான். வெளியீட்டு வோல்டேஜை நிலையாக வைத்திருக்கும் எல்எம்317 ஐ.சி. ஒன்று, அதன் வோல்டேஜை முடிவு செய்கிற இரண்டு ரெசிஸ்டர், அதில் ஒன்றின் மதிப்பை மாற்ற ஒரு ரோட்டரி சுவிட்ச். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று தோன்றுகிற சர்க்யூட். முடிந்த பெட்டி இப்போது மேசையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் போட்டபோது இருந்த அதே ஐ.சி., அதே சுவிட்ச்தான் இப்போதும் உள்ளே இருக்கின்றன. சுவிட்ச் உட்கார்ந்திருக்கும் இடம்தான் வேறு.

எல்எம்317 தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அதற்கு மூன்று கால்: இன், அவுட், அட்ஜஸ்ட். அவுட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவில் எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும்படி அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். அந்த இரண்டு காலுக்கும் நடுவே இருப்பதை இங்கே மேல் ரெசிஸ்டர் என்கிறேன். அட்ஜஸ்டிலிருந்து கிரவுண்டுக்குப் போவதைக் கீழ் ரெசிஸ்டர். கணக்கு இது:

வெளியீடு = 1.25 × (1 + கீழ் ரெசிஸ்டர் ÷ மேல் ரெசிஸ்டர்)

இதோடு அட்ஜஸ்ட் காலிலிருந்து வரும் 50 மைக்ரோஆம்ப் அளவுள்ள சிறு கரண்ட் கீழ் ரெசிஸ்டர் வழியாக ஓடுவதால் கொஞ்சம் மில்லிவோல்ட் கூடும். கீழ் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம் என்றால் 50 மில்லிவோல்ட். 12 வோல்ட்டில் அது பொருட்டல்ல, 3.3-இல் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

முதல் வடிவம்: சுவிட்ச் கீழே

எல்லோரும் போடுகிற மாதிரிதான் போட்டேன். மேல் ரெசிஸ்டர் நிரந்தரமாக 120 ஓம். கீழே நான்கு ரெசிஸ்டர்: 200, 360, 742 (680-உம் 62-உம் தொடராக), 1033 (1000-உம் 33-உம்). ரோட்டரியின் பொது முனை அட்ஜஸ்டுக்கு, நான்கு நிலைகளும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்கு. 360 ÷ 120 என்பது சரியாக 3, ஆகவே 5 வோல்ட் கச்சிதமாக வரும். மற்றவையும் கிட்டத்தட்ட அப்படியே. உள்ளீட்டுக்கு மூலையில் கிடந்த 19 வோல்ட் லேப்டாப் அடாப்டர். அட்ஜஸ்டில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) மல்டிமீட்டர் வைத்துத் திருப்பினால் 3.33, 5.02, 9.01, 12.05. படம் போல வந்தது. இதோடு நிறுத்திப் பெட்டிக்குள் வைத்திருந்தால் முதல் நாளிலேயே ஏதாவது ஒரு 3.3 வோல்ட் போர்டு புகைந்திருக்கும்.

ரோட்டரி சுவிட்சில் இரண்டு வகை. ஒன்று, பழைய தொடுப்பை விட்டுவிட்டுப் புதிய தொடுப்பைத் தொடும்; இன்னொன்று, புதியதைத் தொட்ட பிறகே பழையதை விடும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது பெரும்பாலும் முதல் வகை. உடம்பில் எதுவும் எழுதியிருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி: மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, பொது முனையை விட்டுவிட்டு, அடுத்தடுத்த இரண்டு நிலைகளின் முனைகளில் ஒரு புரோப் ஒரு புரோபாக வைத்துக் குமிழை மிக மெதுவாகத் திருப்புங்கள். நடுவழியில் பீப் கேட்டால் தொட்டு விடும் வகை. கேட்கவே இல்லையென்றால் விட்டுத் தொடும் வகை. என்னுடையது கேட்கவில்லை.

விட்டுத் தொடும் அந்த நடுவழியில் அட்ஜஸ்டுக்குக் கிரவுண்ட் இல்லை. கீழ் ரெசிஸ்டர் முடிவிலி. ஐ.சி.யும் முடிந்த மட்டும் மேலே ஏறும். 10 மைக்ரோஃபாரட் தடுக்காதா என்றால், மேல் ரெசிஸ்டர் வழியாக 10.4 மில்லிஆம்ப் அதற்குள் பாய்கிறது. அதாவது மில்லிசெகண்டுக்கு ஒரு வோல்ட் ஏற்றம். கை திருப்பும் வேகத்தில் சுவிட்சின் உள்ளே இருக்கும் இடைவெளியைத் தாண்டவே பத்து இருபது மில்லிசெகண்ட் ஆகும். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

இதை மல்டிமீட்டரில் பார்க்க முடியாது, அது அவ்வளவு வேகமாக அளக்காது. ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்கள் இப்படிச் செய்யலாம்: வெளியீட்டிலிருந்து ஒரு 1என்4148 டையோடு, அதன் மறுமுனையில் கிரவுண்டுக்கு ஒரு 10 மைக்ரோஃபாரட், அந்தக் கெப்பாசிட்டரின் மேல் மல்டிமீட்டர். வோல்டேஜ் ஒரு நொடி எகிறினாலும் கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டையோடு திரும்ப விடாது. மீட்டரின் 10 மெகாஓம் வழியாக அது மெல்ல இறங்குவதற்குள் எண்ணைப் படித்துவிடலாம். டையோடில் போகும் அரை வோல்ட்டை மட்டும் மனக்கணக்காகக் கூட்டிக்கொள்ள வேண்டும். 3.3-இலிருந்து 5-க்கு ஒரு கிளிக். மீட்டர் காட்டியது 16.9. அப்படியென்றால் வெளியீடு 17.4 வரை போய்வந்திருக்கிறது. 19 வோல்ட் உள்ளீட்டில் எல்எம்317 கொடுக்கக்கூடிய உச்சமே அதுதான்.

இந்தச் சிறு பிடிப்பானைப் பிறகு ஒரு துண்டு வெரோபோர்டில் நிரந்தரமாகச் சால்டர் செய்து வைத்துக்கொண்டேன். இந்த வேலை முழுவதிலும் அதிகம் பயன்பட்ட கருவி அதுதான்.

நிரந்தரமாக ஒன்று, கூட மற்றவை

அடுத்து, பெரிய ரெசிஸ்டரை மட்டும் சுவிட்ச் இல்லாமல் நிரந்தரமாக வைத்து, மற்றதை அதற்கு இணையாகச் சேர்ப்பது. 1033 ஓம் எப்போதும் இருக்கும். 5 வோல்ட்டுக்கு அதன் மேல் இணையாக 553, 9-க்கு 2.6 கிலோ ஓம், இப்படி. சுவிட்ச் நடுவழியில் நின்றாலும் கீழே 1033 இருப்பதால் 12-க்கு மேல் போகாது. பிடிப்பானும் அதையே சொன்னது: 11.5. ஆனால் 3.3 வோல்ட் போர்டுக்கு 17-உம் ஒன்றுதான், 12-உம் ஒன்றுதான். இதை அதிக நேரம் இழுக்கவில்லை.

பிறகு தொட்டு விடும் வகை ரோட்டரி ஒன்றைத் தேடிப்பிடித்து முதல் வடிவத்திலேயே மாட்டினேன். கிடைப்பது கடினம், விலையும் மற்றதை விடக் கூடுதல். இதில் நடுவழியில் இரண்டு ரெசிஸ்டரும் ஒரே நேரத்தில் இணையாக நிற்கும். 200-உம் 360-உம் சேர்ந்தால் 128.6 ஓம், வெளியீடு ஒரு கணம் 2.6 வோல்ட்டுக்கு இறங்கி, பிறகு 5-க்கு ஏறும். எகிறல் இல்லை. பிடிப்பானில் 4.5, அதாவது வெறும் 5.

பிரச்சினை தீர்ந்தது போலத்தான் இருந்தது. குமிழைப் பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்திப் பார்க்கும் வரை. மலிவான ரோட்டரிகளில் தண்டு ஆடும். ஆடினால் உள்ளே இருக்கும் தொடுப்பு ஒரு கணம் தூக்கும். அந்தக் கணத்தில் பிடிப்பான் மறுபடியும் 16.9. புது சுவிட்சுக்கே இது. தூசி, ஈரம், கருத்துப்போன தொடுப்பு எல்லாம் சேர்ந்த பிறகு எப்படியிருக்கும் என்று தனியாகச் சோதிக்கத் தேவையில்லை.

கீழ் ரெசிஸ்டரில் சுவிட்ச் இருக்கும் வரை, எந்த வகை சுவிட்சாக இருந்தாலும், தொடுப்பு விட்டால் வோல்டேஜ் ஏறும். நல்ல சுவிட்ச் வாங்கினால் அது அடிக்கடி நடக்காது, அவ்வளவுதான். இடத்தையே மாற்றினால் ஒழிய வழியில்லை.

சுவிட்ச் மேலே போகிறது

சூத்திரத்தை மறுபடி பாருங்கள். மேல் ரெசிஸ்டர் பெரிதானால் வோல்டேஜ் இறங்கும். மேல் ரெசிஸ்டர் அறுந்தே போனால் வெளியீடு ஏறத்தாழ 1.3-இல் நிற்கும். ஆக, கீழே 1 கிலோ ஓம் அசையாமல் இருக்கட்டும். மேலே ஒரு ரெசிஸ்டர் நிரந்தரமாக இருந்து குறைந்த வோல்டேஜான 3.3-ஐக் கொடுக்கட்டும், சுவிட்ச் அதற்கு இணையாக ஒவ்வொன்றைச் சேர்த்து வோல்டேஜை ஏற்றட்டும். தொடுப்பு விட்டால் என்ன ஆகும்? 3.3-க்கு விழும். அதற்குக் கீழே எந்த ஆபத்தும் இல்லை.

50 மில்லிவோல்ட்டைக் கழித்துக்கொண்டு கணக்குப் போட்டால் மதிப்புகள் ஆச்சரியமாகக் கைவசம் இருப்பவற்றோடு பொருந்தின. 3.3-க்கு 625 வர வேண்டும், 620 கிடைக்கிறது. 5-க்கு அதனுடன் இணையாக 742, போட்டது 750. 9-க்கு 219.9, 220 ஓம் எந்தப் பெட்டியிலும் இருக்கும். 12-க்கு 143.9, அதற்கு 120-உம் 24-உம் தொடராக. எல்லாமே ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம். ரோட்டரியின் முதல் நிலையில் எதுவும் இணைக்கவில்லை, காலி.

ஏற்றிய உடனே இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று, 3.3 நிலையில் லோடு (கரண்ட் எடுக்கும் கருவி) இல்லாமல் மீட்டர் 3.7 காட்டியது. ஐ.சி. கெட்டதென்று கழற்றிவிடாதீர்கள். எல்எம்317-க்கு வெளியே குறைந்தபட்சம் சில மில்லிஆம்ப் ஓடியே ஆக வேண்டும். டேட்டாஷீட் வழக்கமாக 3.5, மோசமானால் 10 மில்லிஆம்ப் என்கிறது. முன்பு மேல் ரெசிஸ்டர் 120 ஓமாக இருந்தபோது அதுவே 10.4 மில்லிஆம்பை இழுத்துக்கொண்டிருந்தது, ஆகவே பிரச்சினை வெளியே தெரியவில்லை. இப்போது 620 வழியாக 2 மில்லிஆம்ப்தான். வெளியீட்டுக்குக் குறுக்கே ஒரு 220 ஓம் போட்டதும் 3.33-க்கு வந்து உட்கார்ந்தது. 12 வோல்ட்டில் இந்த ரெசிஸ்டர் 0.65 வாட் தின்னும். 2 வாட் ரகம் போட்டு, போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்தினேன்.

இரண்டாவது, தேடிப்பிடித்து வாங்கிய தொட்டு விடும் சுவிட்ச் இங்கே வில்லன். மேலே நடுவழியில் இரண்டு ரெசிஸ்டர் இணைந்தால் மேல் மதிப்பு குறையும், வோல்டேஜ் ஏறும். 9-க்கும் 12-க்கும் நடுவில் மெதுவாகத் திருப்பினால் 220, 144, 620 மூன்றும் சேர்ந்து 76 ஓம். கணக்குப்படி 17.7 வோல்ட், உள்ளீடு இடம் கொடுக்கிற வரை ஏறியது. பழைய, மலிவான, விட்டுத் தொடும் சுவிட்சைத் திரும்ப மாட்டினேன். நடுவழியில் அது விட்டுவிடுவதுதான் இப்போது நமக்கு வேண்டியது. ஒவ்வொரு கிளிக்கிலும் வோல்டேஜ் முதலில் இறங்கப் பார்க்கும், பிறகு புதிய மதிப்புக்கு ஏறும். 10 மைக்ரோஃபாரட்டும் 1 கிலோ ஓமும் சேர்ந்து அந்த ஏற்றத்தைப் பத்து மில்லிசெகண்ட் அளவுக்கு மென்மையாக்குகின்றன. குமிழை அழுத்தினேன், ஆட்டினேன், பொது முனை வயரையே பிடுங்கினேன். எதிலும் பிடிப்பான் அந்தந்த நிலையின் வோல்டேஜைத் தாண்டவில்லை.

பாட்டின் நடுக்கால்

இனி இரண்டாவது குமிழ். அதுதான் பாட், அதாவது பொட்டென்ஷியோமீட்டர்: குமிழைத் திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர். நான்கு நிலைகளுக்கு இடைப்பட்ட 4.2, 7.5 போன்றவையும் சில நேரம் வேண்டும்.

சுவிட்சை மேலே கொண்டுபோன சூட்டில் பாட்டையும் மேலேயே வைத்துப் பார்த்தேன். 5 கிலோ ஓம் லீனியர் பாட், கூடவே 144 ஓம் தொடராக, இரண்டும் 620-க்கு இணையாக. வேலை செய்யும், ஆனால் பயன்படுத்த முடியாது. முழுச் சுற்றின் முதல் ஒன்பது பங்கில் 3.6-இலிருந்து 5.3 வரை ஆமையாக நகர்கிறது. மிச்சமிருக்கும் ஒரு பங்கில் 5.3-இலிருந்து 12-க்குத் தாவுகிறது. 9 வோல்ட்டில் நிறுத்த விரல் நுனியில் மூச்சுப் பிடிக்க வேண்டும். வோல்டேஜ் மேல் ரெசிஸ்டருக்குத் தலைகீழ் விகிதத்தில் போவதால் இப்படி. வால்யூம் கன்ட்ரோலுக்கு வரும் லாக் பாட் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை, நடுச்சுற்றில் 4.7 வரை வரும். அதுவும் போதாது.

பாட் கீழேதான் இருக்க வேண்டும். கீழே இருந்தால் சுற்றுக்கு ஏற்ப வோல்டேஜ் நேராக ஏறும். ஆனால் கீழே தொடுப்பு விட்டால் ஏறிவிடுமே? பாட்டின் நடுக்காலும் உள்ளே தடத்தின் மேல் நகரும் ஒரு தொடுப்புதான். சுவிட்சை விட மோசமான தொடுப்பு.

இதற்கு விடை பாட்டுக்கு மூன்று கால் இருக்கிறது என்பதில் கிடைத்தது. ஓரக்கால் இரண்டையும் நிரந்தரமாக அட்ஜஸ்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் கட்டிவிட்டேன். அப்போது 1 கிலோ ஓம் பாட்டின் முழுத் தடமும்தான் கீழ் ரெசிஸ்டர்; குமிழ் எங்கே இருந்தாலும் மதிப்பு மாறாது. நடுக்கால் ஒரு சாதாரண டாகிள் சுவிட்ச் வழியாகக் கிரவுண்டுக்கு. டாகிள் திறந்திருந்தால் பாட் வெறும் ரெசிஸ்டர், ரோட்டரி காட்டும் வோல்டேஜ் அப்படியே வரும். மூடினால் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடைப்பட்ட துண்டு ஷார்ட் ஆகி, மீதித் துண்டு மட்டும் கீழ் ரெசிஸ்டராக நிற்கும். நடுக்கால் தூக்கினாலோ, டாகிள் கெட்டாலோ, வயர் அறுந்தாலோ முழுத் தடமும் திரும்ப வந்துவிடும். வோல்டேஜ் ரோட்டரி நிலைக்குப் போகும், அதற்கு மேல் போகாது.

ஆகவே ரோட்டரி உச்சவரம்பு. பாட் அதற்குக் கீழே குறைக்க மட்டும். 7.5 வோல்ட் வேண்டுமென்றால் ரோட்டரி 9-இல், டாகிள் மூடி, பாட்டைக் குறைக்க வேண்டும். குமிழ் நழுவிக் கடைசி வரை போனாலும் 9-தான். 

எந்த ஓரக்கால் எங்கே போக வேண்டும் என்பதில் ஒரு நிமிடம் செலவிடுங்கள். இடது பக்கம் முழுதாகத் திருப்பும்போது நடுக்கால் எந்த ஓரக்காலை ஒட்டுகிறதோ, அது அட்ஜஸ்ட் பக்கம். அப்போதுதான் வலப்பக்கம் திருப்பத் திருப்ப வோல்டேஜ் ஏறும், வலக்கோடியில் டாகிளைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே எண் வரும்.

பாட்டை வாங்கியதும் ஓரக்கால்களுக்கு இடையே அளந்து பாருங்கள். 1 கிலோ ஓம் என்று எழுதியிருப்பதற்கு இருபது சதவீதம் இப்படியும் அப்படியும் இருக்கலாம். அதாவது 800-இலிருந்து 1200 வரை எதுவும் நியாயமானது. என்னுடையது 934. அதற்குத் தொடராக 100 ஓம் டிரிம்மர் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் குட்டிப் பாட்) ஒன்று போட்டு மொத்தத்தைச் சரிசெய்தேன். உங்களுடையது ஆயிரத்தைத் தாண்டினால் ஓரக்கால்களுக்குக் குறுக்கே ஒரு பெரிய ரெசிஸ்டரை இணையாகப் போட்டு இறக்கலாம். 1100 ஓம் பாட்டுக்கு 10 கிலோ ஓம் போட்டால் 991. டிரிம்மரின் நடுக்காலையும் ஓரக்காலோடு சேர்த்துச் சால்டர் செய்ய மறக்க வேண்டாம். செய்யாவிட்டால் அதன் தொடுப்பு விடும்போது மொத்தச் சங்கிலியும் அறுந்துவிடும்.

டிரிம்மரை 12 வோல்ட் நிலையில் வைத்துத் திருப்பினேன். ஐ.சி.யின் 1.25 என்பதும் துல்லியமல்ல, 1.20-க்கும் 1.30-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். அவுட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவில் அளந்தபோது என் கையிலிருந்ததில் 1.262. கீழ் மொத்தம் 990 ஓம் ஆனபோது 12.00 வந்தது. மற்ற மூன்றையும் தொடாமலே 3.33, 5.01, 8.97. எனக்கு இது போதும்.

பாட்டின் வாட் ரேட்டிங் பற்றியும் ஒன்று. 12 வோல்ட் நிலையில் அதன் வழியாக 10.8 மில்லிஆம்ப் எப்போதும் ஓடும். கால்குலேட்டரில் தட்டினால் 0.11 வாட். சிறிய கார்பன் பாட் 0.2 வாட் தாங்கும், 1 கிலோ ஓமில் அது 14 மில்லிஆம்ப். தாங்குகிறது, ஆனால் கை வைத்தால் இளஞ்சூடு தெரிகிறது, சூடேறச் சூடேற 12.00 என்பது சில பத்து மில்லிவோல்ட் நகர்கிறது. அடுத்த முறை செர்மெட் அல்லது வயர்வவுண்டு பாட் போடுவேன்.

பெட்டிக்குள்

ரோட்டரிக்கு ரெசிஸ்டர் போடும்போது எல்லோரும் செய்வது ரெசிஸ்டர்களை சுவிட்சின் முனைகளிலேயே சால்டர் செய்வது. இங்கே அது வேண்டாம். அப்படிச் செய்தால் அட்ஜஸ்ட் காலிலிருந்து முன் பேனல் வரை ஒரு நீண்ட வயர் போகும். அந்தக் கால் சுற்றியுள்ள இரைச்சலையெல்லாம் வாங்கி வெளியீட்டில் போடும். ஏ.சி. மில்லிவோல்ட் நிலையில் மீட்டரை வைத்தால் வயரைக் கையால் பிடித்தாலே எண் ஏறுவதைப் பார்க்கலாம். ரெசிஸ்டர்கள் எல்லாம் போர்டில், அவற்றின் ஒரு முனை அட்ஜஸ்ட் காலை ஒட்டியே. மறுமுனைகளிலிருந்து வயர் ரோட்டரிக்கு. ரோட்டரியின் பொது முனை அவுட் காலுக்கு. நீண்ட வயர்கள் எல்லாம் இப்போது வலுவான அவுட் பக்கம் இருக்கின்றன. பாட்டின் அட்ஜஸ்ட் வயர் மட்டும் தவிர்க்க முடியாதது. டிரிம்மர் போர்டில் இருக்கிறபடி அதைக் குட்டையாக, கிரவுண்ட் வயரோடு முறுக்கிக் கொண்டுபோனேன்.

அவுட் பக்க வயரை ஐ.சி.யின் காலிலேயே தொடுங்கள், வெளியே உள்ள டெர்மினலில் வேண்டாம். டெர்மினலுக்குப் போகும் வயரில் லோடு கரண்ட் ஓடும்போது விழும் மில்லிவோல்ட் மேல் ரெசிஸ்டரின் 1.25-இல் கலந்து, பெருக்கிக்கொண்டு வெளியே வரும்.

ரோட்டரி மூன்று போல் (pole, ஒரே குமிழில் சேர்ந்து திரும்பும் தனித்தனி சுவிட்ச்), நான்கு நிலை ரகம் என்பதால் இரண்டாவது போலில் நான்கு எல்.இ.டி. வைத்தேன், 4.7 கிலோ ஓம் ஒன்றே நான்குக்கும் பொது, உள்ளீட்டின் 19 வோல்ட்டிலிருந்து. பாதுகாப்புக்கு இரண்டு 1என்4007: அவுட்டிலிருந்து இன்னுக்கு ஒன்று, அட்ஜஸ்டிலிருந்து அவுட்டுக்கு ஒன்று. ஐ.சி.யின் முதுகுத் தகடு அவுட்டோடு சேர்ந்தது, கிரவுண்டு அல்ல. உலோகப் பெட்டியில் திருகினால் நடுவில் மைக்கா தகடு வேண்டும். சூடுதான் இந்தப் பெட்டியின் உண்மையான எல்லை: 3.3 வோல்ட்டில் அரை ஆம்ப் எடுத்தால் 7.8 வாட் ஹீட்சிங்குக்குப் போகிறது. 12-க்கு மேல் தேவையில்லை என்பதால் 15 வோல்ட் அடாப்டர் கிடைத்தால் மாற்றிவிடுவேன்.

செலவில் பெரும்பங்கு ரோட்டரிக்கே போனது. பயன்படாமல் போன தொட்டு விடும் ரகம் தனி. மூன்று வோல்டேஜ் போதுமென்றால் ரோட்டரியே தேவையில்லை. நடுவில் ஆஃப் உள்ள மூன்று நிலை டாகிள் ஒன்று போதும். நடுவில் 3.3, மேலே தட்டினால் 750 சேர்ந்து 5, கீழே தட்டினால் 220 சேர்ந்து 9. 5-இலிருந்து 9-க்குப் போக அது நடுவைத் தாண்டித்தான் ஆக வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் தொட அதனால் முடியாது. இன்னொரு பெட்டி கட்டினால் இதுதான்.

கடைசியாக மிச்சமிருந்த ஓட்டை: பாட்டின் ஓரக்கால் சால்டர் விட்டால்? அப்போது கீழ் ரெசிஸ்டரே இல்லை, மறுபடி 17.4. அட்ஜஸ்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 12 வோல்ட் ஸீனர் (அந்த வோல்டேஜுக்கு மேல் ஏறவிடாத டையோடு), அரை வாட், போர்டிலேயே. சாதாரணமாக அட்ஜஸ்ட் 10.75-ஐத் தாண்டாது என்பதால் அது தூங்கிக்கொண்டிருக்கும். சோதனைக்காகப் பாட்டின் கிரவுண்ட் வயரைக் கழற்றி 12 நிலையில் வைத்தேன். வெளியீடு 13.2-இல் நின்றது.